பெட்டிக்குள் பெய்த மழை

2024 ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள் வந்தன. துபாயில் எங்கள் சரக்கை வாங்கியவர் அனுப்பியவை. கன்டெய்னர் கதவு திறந்திருக்கிறது. மேல் வரிசை மூட்டைகளில் எங்கள் மில்லின் பெயர் அச்சிட்ட இடத்திலேயே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. ஒரு மூட்டையைக் கிழித்தும் காட்டியிருந்தார். முத்து முத்தாக உதிர வேண்டிய ஜவ்வரிசி ஈர வெல்லம் மாதிரி கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது.

மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். "இது மிக்ஜாம் புயல் வெள்ளம்மா. இன்சூரன்ஸ் போட்டிருக்கே இல்ல?"

"ஆல் ரிஸ்க் போட்டிருக்கேங்க மாமா."

"அப்புறம் என்ன, எழுதிப் போடு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பூஞ்சை பிடித்தவை மொத்தம் 64 மூட்டை. அதில் கடைசியில் காப்பீட்டில் பணம் வந்தது 7 மூட்டைக்கு. மீதி 57 எப்படிக் கைவிட்டுப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே வேலையைச் செய்யும் சிலருக்காவது உதவும். பாலிசியை ஃபைலில் குத்தி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். மில் வாழப்பாடிப் பக்கம். ஆபீஸ் என்ற பெயரில் செவ்வாய்பேட்டையில், லீ பஜாரை ஒட்டி ஒரு மாடி அறை. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்குத்தான் போகும். அங்கே விரத நாளில் கிச்சடி செய்வார்கள். அந்த வியாபாரம் மாமாவின் கையில். ஏற்றுமதி என்ற ஆசையைக் கிளப்பியது நான். பி.காம். படித்திருக்கிறேன், காகித வேலை வரும் என்ற தைரியம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தத் தைரியம் இரண்டு மடங்காகிவிட்டது.

துபாய்க்காரர் கேட்டது சி.ஐ.எஃப். ஜெபல் அலி. ஜெபல் அலி துபாயின் துறைமுகம். நாங்கள் சொல்லும் விலைக்குள் சரக்கு, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் மூன்றும் அடக்கம்; வாடகையையும் பிரீமியத்தையும் நாங்கள் கட்ட வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரீமியம் கட்டுவது நாம்தான். ஆனால் சென்னையில் சரக்கு கப்பலில் ஏறிய நிமிடத்திலிருந்து நஷ்டத்தின் ஆபத்து வாங்குபவருடையது. அதனால் பாலிசியின் முதுகில் கையெழுத்துப் போட்டு அவருக்கே அனுப்பிவிடுவோம். கிளெய்ம் கேட்கும் உரிமையும் அவருக்கே. தொகை, சி.ஐ.எஃப். மதிப்பில் 110 சதவீதம். மேலே உள்ள அந்தப் பத்து, வாங்குபவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபத்துக்கு.

முகவர் போனில் கேட்டார்: "மேடம், ஏ போடவா, சி போதுமா?" டீக்கு சர்க்கரை போடவா என்பது போல இருந்தது. ஏ, பி, சி என்பவை லண்டன் காப்பீட்டுக்காரர்கள் எழுதிய சரக்குக் காப்பீட்டு ஷரத்துகளின் மூன்று வகை. சி.ஐ.எஃப். வியாபாரத்தில் விற்பவர் சி போட்டுக் கொடுத்தாலே கடமை முடிந்தது. சர்வதேச வியாபார விதிகளான 2020 இன்கோடெர்ம்ஸிலும் அப்படித்தான். வேறுவிதமாகப் பேசிக்கொண்டால் ஒழிய, அதற்குமேல் கேட்க வாங்குபவருக்கு உரிமை இல்லை. துபாய்க்காரரின் எல்.சி.யில், அதாவது பணத்துக்கு அவருடைய வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தில், ஏ வேண்டும் என்று எழுதியிருந்ததால் ஏ போட்டோம். இரண்டுக்கும் பிரீமியத்தில் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான்.

அந்தச் சில நூறு ரூபாயில் என்ன இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சி என்பது ஒரு பட்டியல். தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுவது அல்லது மூழ்குவது, மோதல், லாரி கவிழ்வது, ரயில் தடம்புரள்வது, கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் தள்ளுவது, இப்படிச் சில. பட்டியலில் இல்லாததற்குக் காசு இல்லை. திருட்டு அதில் இல்லை. கன்டெய்னருக்குள் கடல்தண்ணீர் புகுந்தாலும் சி-யில் கிடையாது. அது பி-யில்தான் வருகிறது. ஏ நேர் தலைகீழ். எல்லாமே உண்டு, பின்னால் விலக்கியிருப்பவை மட்டும் இல்லை. அதனால் ஏ வாங்கியவர் படிக்க வேண்டியது முதல் ஷரத்தை அல்ல, நான்காவது ஷரத்தை. நான் படித்தது "ஆல் ரிஸ்க்" என்ற இரண்டு சொற்களை மட்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வார்த்தை முகவரின் கொட்டேஷனில்தான் தலைப்பாக இருந்தது. ஷரத்துத் தாளின் தலைப்பில் அது கிடையாது. 1982-இல் பழைய ஷரத்துகளை எடுத்துவிட்டு ஏ, பி, சி கொண்டுவந்தபோதே அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

சி-யை மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 23-இல் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றதே, அப்புறம் கப்பல்காரர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் மீட்க ஆன செலவில், அதில் சரக்கு வைத்திருந்த எல்லோருக்கும் பங்கு. தன் பெட்டியில் ஒரு கீறல் இல்லாதவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு ஜாமீன் கொடுக்காமல் பெட்டியை விடமாட்டார்கள். சி பாலிசி இருந்தாலே அந்த ஜாமீனைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஒன்றுமே இல்லாதவர் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்.

சரி, எங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

2023 நவம்பர் கடைசி. கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்தது. குச்சிக்கிழங்கு லாரிகள் மில் வாசலில் வரிசையாக நின்றன. வானம் மூடிக் கிடந்ததால் களத்தில் காயப்போட்டது சரியாகக் காயவில்லை. ஒப்பந்தத்தில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காலையில் மீட்டரை ஒரு மூட்டையில் குத்திப் பார்த்தேன், 11.8 காட்டியது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஒரே ஒரு எண்தான் பின்னால் என்னிடம் இருந்த மொத்த ஆதாரம். மத்தியானம் இரண்டாவது களத்திலிருந்து வந்த மூட்டைகளை நான் குத்திப் பார்க்கவே இல்லை. கன்டெய்னர் வந்துவிட்டது, நிற்கும் நேரத்துக்கு வாடகை ஏறுகிறது என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

கன்டெய்னர் கழுவி வந்திருந்தது. சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அதன் தளம் மரப்பலகை, அந்தப் பலகை தண்ணீர் குடித்திருக்கும் என்று தோன்றவில்லை. 380 மூட்டை, 19 டன், கூரையைத் தொடாத குறையாக அடுக்கிக் கதவைச் சாத்தி சீல் வைத்தோம். உள்ளே காகித விரிப்பும் இல்லை, ஈரம் உறிஞ்சும் பையும் இல்லை. அது டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. பெட்டி சென்னை போய்ச் சேர்ந்த கையோடு புயல். 3, 4 தேதிகளில் சென்னை எந்த நிலையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி யார்டில் கிடந்தது. புயல் போனதும் வெயில் அடித்தது. பத்து நாளுக்கு மேல் கழித்துத்தான் கப்பல் ஏறியது. கொழும்பில் கப்பல் மாறி, டிசம்பர் கடைசியில் ஜெபல் அலி.

ஆகவே, வெள்ளத்தண்ணீர் புகுந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பியதில் தப்பில்லை. துபாய்க்காரரும் அதையே நம்பினார். அவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். பெட்டியைத் திறந்து பூஞ்சையைப் பார்த்ததும் இறக்குவதை நிறுத்திவிட்டு, பாலிசியில் அச்சிட்டிருந்த துபாய் ஏஜென்டைக் கூப்பிட்டார். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் மறுநாளே வந்தார். அதற்குள் மூட்டைகளை இறக்கி நல்லதையும் கெட்டதையும் பிரித்திருந்தால் அந்த 7 மூட்டையும் கிடைத்திருக்காது.

சர்வேயர் என்ன செய்தார் என்பதை அவர் அறிக்கையிலும் துபாய்க்காரரின் வீடியோவிலும் பார்த்தேன். பத்துத் தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன். ஈரமான சாக்கின் மேல் சொட்டு மருந்து மாதிரி ஒன்றை விட்டார். வெள்ளி நைட்ரேட். உப்புத்தண்ணீர் பட்ட இடமாக இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். வெளுக்கவில்லை. கடல் தண்ணீர் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் வெள்ளமா? வெள்ளம் கீழேயிருந்துதான் ஏறும். அடி வரிசை மூட்டைகள் காய்ந்து கிடந்தன. நனைந்தவை மேல் வரிசைகள். அதுவும் ஒரே சீராக நனையவில்லை, கோடுகோடாகச் சொட்டிய கறை. அந்தக் கோடுகள் கன்டெய்னர் கூரையின் மடிப்புகளுக்கு நேர் கீழே இருந்தன.

கடைசியில், இறக்கி முடித்த காலிப் பெட்டிக்குள் சர்வேயர் தனியாக நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவாவது வெளிச்சம் தெரியும். கூரையில் ஒன்றுமில்லை. கதவின் வலது மேல்மூலையில் மட்டும் ரப்பர் கிழிந்து ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. அந்த மூலையை ஒட்டியிருந்த 7 மூட்டை மட்டும் மழைநீர் புகுந்து கெட்டவை என்று எழுதினார். மற்ற 57-க்கு அவர் எழுதிய காரணம்: பெட்டிக்குள்ளிருந்த ஈரம் ஆவியாகி, கூரையில் குளிர்ந்து, சொட்டாக விழுந்திருக்கிறது.

வெளியே புயலையும் வெள்ளத்தையும் தேடிக்கொண்டிருந்தோம். மழை உள்ளேதான் பெய்திருக்கிறது. அந்தத் தண்ணீரை ஏற்றி அனுப்பியதும் நாங்களே: சரியாகக் காயாத ஜவ்வரிசியிலும், கழுவிய மரத்தளத்திலும், நவம்பர் மாதத்துக் காற்றிலும். யார்டில் பகல் வெயிலில் இரும்புப் பெட்டி சூடாகி ஆவி எழும். டிசம்பர் இரவில், வளைகுடா குளிரில், கூரை ஜில்லென்று ஆகும். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் சொட்டுகிறதே, அதேதான்.

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் நான்கு பத்தி. இரண்டு எண்கள் அதில் இருந்தன, 4.3, 4.4. அன்று இரவுதான் ஷரத்துத் தாளை உட்கார்ந்து படித்தேன்.

4.4 சொல்வது, சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கெடுதல் விலக்கு என்று. மாம்பழம் அழுகுவது, இரும்பு துருப்பிடிப்பது, ஈரமான தானியம் பூசணம் பூப்பது எல்லாம் இதில் வரும். இது ஏதோ லண்டன்காரர்களின் தந்திரம் இல்லை. நம் நாட்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963-லேயே இருக்கிறது. வெளியிலிருந்து எதிர்பாராத ஒன்று வந்து கெடுத்தால் காப்பீடு. தானாகவே கெடக்கூடியது தானாகக் கெட்டால் இல்லை.

துபாய்க்காரருக்காக நான் வாதம் செய்தேன். கூரையிலிருந்து சொட்டுத் தண்ணீர் மூட்டை மேல் விழுந்தது, அப்படியானால் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததுதானே? நல்ல வாதம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். சேலத்தில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரிடம் காட்டியபோது சிரித்தார். "இந்தக் கேள்வியைக் கையுறை வழக்கிலேயே கேட்டு முடிச்சுட்டாங்கம்மா" என்றார். கல்கத்தாவிலிருந்து ராட்டர்டாமுக்குப் போன தோல் கையுறைகள். அங்கேயும் இதே கதை. தோலில் இருந்த ஈரம் ஆவியாகி, கன்டெய்னர் கூரையில் பட்டு, கையுறைகள் மேலேயே சொட்டியது. லண்டனில் முதல் நீதிபதி, தண்ணீர் மேலேயிருந்து விழுந்தது, அது வெளிக்காரணம் என்று சரக்குக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1990-இல் மேல்முறையீட்டில் அது புரண்டது. தண்ணீர் எங்கே போய்விட்டு வந்தாலும் பிறந்த இடம் கையுறைதான் என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்று கேட்டேன். தாளின் கடைசி ஷரத்தைத் தொட்டுக் காட்டினார். இந்தக் காப்பீடு ஆங்கிலச் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டது என்று இருந்தது.

அவரே இன்னொன்றும் சொன்னார். ஆல் ரிஸ்க் மாதிரி பாலிசியில், சரக்கு நல்லபடியாகப் போய் எதிர்பாராமல் கெட்டது என்று நாம் காட்டினால் போதும்; விலக்கு பொருந்தும் என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. "நல்லபடியா போச்சுன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?" என்னிடம் 11.8 என்ற ஒற்றை எண் இருந்தது. 380 மூட்டைக்கு ஒரே குத்து. சீல் வைத்த மாதிரிப் பொட்டலம் இல்லை, படம் இல்லை, வெளியாள் சான்றிதழ் இல்லை. என் கிளெய்ம் செத்தது அந்த இடத்தில்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஷரத்து அதற்குப் பிறகுதான்.

4.3-இல் சண்டை போட இடம் இருந்தது. பேக்கிங் போதாமை விலக்கு. கன்டெய்னருக்குள் அடுக்குவதும் பேக்கிங்தான். ஆனால் 2009-இல் திருத்திய ஷரத்தில், அந்த பேக்கிங்கைக் காப்பீடு செய்தவரோ அவருடைய ஊழியரோ செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பீடு தொடங்குவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். சுயேச்சையான ஒப்பந்தக்காரர் ஊழியர் ஆகமாட்டார் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் லோடுமேன்கள் சங்கத்து ஆட்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் ஊழியர் இல்லை! பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கடிதம் எழுதினேன். அவர்கள் ஒரே வரியில் பதில் போட்டார்கள்: அடுக்கியது யாராக இருந்தாலும் உறிஞ்சுபை போட வேண்டாம், காகிதம் விரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? நான்தான். அப்படியே என் வாதம் நின்றாலும் 4.4 பின்னாலேயே காத்துக்கொண்டிருந்தது. ஒரு விலக்கைத் தாண்டினால் போதாது, எல்லாவற்றையும் தாண்ட வேண்டும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

புயலால் தாமதமானதே என்றும் எழுதிப் பார்த்தேன். 4.5. தாமதத்தால் வரும் நஷ்டம் விலக்கு, அந்தத் தாமதத்துக்குக் காப்பீட்டில் உள்ள ஆபத்தே காரணமாக இருந்தாலும்கூட. இதற்கு மேல் இறுக்கமாக ஒரு வாக்கியத்தை எழுத முடியாது.

மாமா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "கப்பல்காரன்கிட்ட கேக்க முடியாதாம்மா?" நல்ல கேள்விதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்ப நண்பர் ஒருவர் இதற்கு முன்பே ஒரு வழக்கைச் சொல்லியிருந்தார். காப்பிக்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது. சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் உப்பு ஜாடியே தண்ணீராகும், காப்பிக்கொட்டை சும்மா இருக்குமா. அவர் சொன்ன வழக்கு, கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன காப்பி மூட்டைகள் பெட்டிக்குள் இதேபோல் நனைந்தது. 2018-இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் கப்பல் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. காப்பி ஈரம் விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, தக்க காகிதம் தக்க அளவில் விரித்தோம் என்று கப்பல்காரர்தான் காட்ட வேண்டும், காட்டவில்லை.

எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தத் தீர்ப்பின் விவரம் படித்ததும் போய்விட்டது. அங்கே மூட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கியது கப்பல் நிறுவனத்தின் ஆட்கள். கப்பல் நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த சரக்கு ரசீதில், அதாவது பில் ஆஃப் லேடிங்கில், ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவரே என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தது. மில் வாசலில் சீல் வைத்தது நாங்கள். கதவு ரப்பர் கிழிந்த அந்த 7 மூட்டைக்கு வேண்டுமானால் கேட்கலாம், ஏனென்றால் பெட்டி அவர்களுடையது.

அந்த 7-க்கும் ஒரு கெடு இருந்தது. வெளியே தெரியாத சேதம் என்றால், சரக்கை எடுத்த மூன்று நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். வழக்குப் போட ஒரு வருடம். நம் பாலிசித் தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இதெல்லாம் இருக்கும்: கப்பல்காரரிடம் எழுத்தில் கேள், பழுதில்லாமல் பெற்றேன் என்று கையெழுத்துப் போடாதே, சர்வே கேள். துபாய்க்காரர் இரண்டாவது நாளே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதனால்தான் நிறுவனம் 7 மூட்டைப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கப்பல்காரரிடம் கேட்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. அந்த உரிமையை நாம் தொலைத்திருந்தால், அதைச் சொல்லியே நம் தொகையில் கை வைப்பார்கள்.

57 மூட்டைக்குத் துபாய்க்காரர் யாரிடம் போவார்? எங்களிடம்தான் வந்தார். கப்பலில் ஏறிய பின் ஆபத்து அவருடையது என்றாலும், ஈரம் அதிகமான சரக்கைக் கொடுத்தது எங்கள் ஒப்பந்த மீறல். அடுத்த இரண்டு பில்லில் பாதிப் பாதியாகக் கழித்துக்கொண்டார். கத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

இப்போது வேறு மாதிரி செய்கிறோம். பத்து மூட்டைக்கு ஒரு குத்து, மீட்டர் காட்டும் எண்ணோடு மூட்டை எண்ணும் தெரியும்படி போனில் படம். 12 என்று ஒப்பந்தம் இருந்தாலும் மழை மாதங்களில் 11-க்கு மேல் காட்டும் மூட்டையை ஏற்றுவதில்லை. மூன்று மாதிரிப் பொட்டலம் சீல் வைத்து, ஒன்று லாரியோடு போகும், ஒன்று முகவருக்கு, ஒன்று பீரோவில். கன்டெய்னர் வந்ததும் மில் பையன் ஒருவன் உள்ளே போய் நிற்க, கதவைச் சாத்துவோம். "இருட்டுதாங்க்கா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் அடுத்த வேலை. தளத்து மரத்திலும் மீட்டரைக் குத்துகிறோம். கழுவி வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிரைவர் திட்டிவிட்டுத்தான் போனார். சுவரிலும் கூரையடியிலும் கிராஃப்ட் காகிதம், பக்கவாட்டில் தொங்கும் உறிஞ்சுபைகள். முதல் தடவை பையின் விலையைக் கேட்டு மாமா, "உப்புப் பைக்கா இவ்வளவு?" என்றார். உண்மையில் அதற்குள் இருப்பது ஒருவகை உப்புதான், கால்சியம் குளோரைடு.

பாலிசியில் ஏ என்று இருப்பதோடு விடுவதில்லை. கீழ்மூலையில் தேதியைப் பார்க்கிறேன், 1.1.82 என்றா 1.1.09 என்றா என்று. சில பாலிசிகளில் இன்னும் பழைய தாளையே ஒட்டுகிறார்கள். பழையதில் சரக்கு குடோனை விட்டுக் கிளம்பிய பிறகுதான் காப்பீடு தொடங்கும். புதியதில் வண்டியில் ஏற்றுவதற்காகக் குடோனுக்குள் மூட்டையை நகர்த்தும்போதே தொடங்கிவிடும். ஏற்றும்போது மூட்டை விழுந்து கிழிந்தால் இந்த வித்தியாசம் காசு. முடியும் இடமும் கவனிக்க வேண்டியது. வாங்குபவரின் குடோனில் இறக்கி முடிக்கும்வரை, அல்லது கடைசித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி 60 நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை. வாங்குபவர் கன்டெய்னரையே குடோனாக வைத்துக்கொள்ள முடிவு செய்தால் அந்த இடத்திலேயே முடிந்தது. குடோன் வாடகையை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்யும் ஆட்கள் உண்டு. போர், வேலைநிறுத்தம் இரண்டும் ஏ-யிலும் விலக்குதான், தனியாகச் சேர்க்க வேண்டும்.

எஃப்.ஓ.பி. விற்பனையில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு நம் வேலை முடியும் விற்பனையில், வேறொரு பள்ளம். வாங்குபவரின் இன்சூரன்ஸ் சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் அவருக்குப் பலன் தரும். வாழப்பாடியிலிருந்து சென்னை வரை நம் தலையில். அந்த முந்நூறு சொச்சம் கிலோமீட்டருக்குத் தனியாக உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள்தான் அதிகம். உறவினர் ஒருவரின் லோடு பம்பாய்க்குப் போகும்போது தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தது. அவரிடம் பாலிசி இல்லை. லாரிக்காரரிடம் கேட்கலாம் என்றால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்கே நிற்கும். இவர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு நேரில் நடந்து நடந்தே அந்த 180 நாளைக் கழித்தார்.

உள்மழைக்கும் காப்பீடு கிடைக்காமல் இல்லை. வெப்பம், வியர்ப்பு இவற்றையும் சேர்த்து என்று தனியாக எழுதிக் கேட்கலாம். சோயா பயறு வழக்கு ஒன்றில், 1983-இல், அப்படி எழுதி வாங்கியிருந்ததால் சரக்கின் சொந்தக் குணத்தால் வந்த சூட்டுக்கும் நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தது. பிரீமியம் கூடும். ஈரப்பதச் சான்றிதழ் கேட்பார்கள், உறிஞ்சுபை எத்தனை என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதெல்லாம் இப்போது என்னிடம் இருக்கிறது. எங்கள் முகவர் முதலில், "அதெல்லாம் ஏ-யிலயே வந்துரும் மேடம்" என்றார். வரும் என்றால் அதையே பாலிசியில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நான்காவது நாள், கூடுதல் பிரீமியத்தோடு அந்த வரி வந்தது.